மூணு தடவை ரத்தான பள்ளிக் கட்டணம்

ஒரு கட்டணத்தை அரசாங்கம் ரத்து செஞ்சா, அது ஒரு தடவையோட முடிஞ்சு போகணும் இல்லையா? கென்யாவில் தொடக்கப் பள்ளிக்குக் கட்டுற காசு மூணு தடவை ரத்தாச்சு: 1974, 1979, 2003. ரத்தான காசு எப்படித் திரும்பத் திரும்ப வந்துச்சு? இன்னைக்கு எபிசோடுல அதைத்தான் பார்க்கப் போறோம்.

1963-ல் விடுதலை கிடைச்ச வருஷம், ஆட்சிக்கு வந்த கானு கட்சி ஏழு வருஷ இலவசத் தொடக்கக் கல்வி தருவோம்னு தேர்தல் அறிக்கையில் சொல்லியிருந்தது. பத்து வருஷம் கழிச்சுத்தான் அதிபர் ஜோமோ கென்யாட்டா முதல் நான்கு வகுப்புகளுக்குக் கட்டணத்தை எடுத்தார். 1974 ஜனவரியில் பிள்ளைகள் வெள்ளமா வந்தாங்க. முந்தின வருஷம் சுமார் 18 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 27 லட்சத்தைத் தாண்டியது.

ஆனா வகுப்பறை கட்ட யார் காசு தருவாங்க? அதுக்கு அரசாங்கத்துக்கிட்ட திட்டம் இல்லை. பள்ளிகள் ‘கட்டட நிதி’ன்னு வசூலிக்க ஆரம்பிச்சாங்க. பல இடங்களில் அது பழைய கட்டணத்தைவிட அதிகம். அந்த வருஷம் உள்ளே வந்த ஏழைப் பிள்ளைகள் நிறைய பேர் சத்தமில்லாம வெளியே போயிட்டாங்க.

1979-ல் அடுத்த அதிபர் டேனியல் அராப் மோய் அந்த வசூலையும் நிறுத்தினார். பள்ளியில் இலவசப் பாலும் கொடுத்தார். கூட்டம் மறுபடி கூடியது. ஆனால் எண்பதுகளில் பொருளாதாரம் தள்ளாடியது. செலவைக் குறைக்கச் சொல்லி உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் நெருக்கின. 1988-ல் ‘செலவுப் பங்கீடு’ங்கற கொள்கை வந்தது. வாத்தியார் சம்பளம் அரசாங்கத்தோடது. புத்தகம், கட்டடம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் பெற்றோர் தலையில். தொண்ணூறுகளில் பள்ளிக்கு வர்ற பிள்ளைகளோட விகிதம் சரிஞ்சது.

2003 ஜனவரியில் புது அதிபர் முவாய் கிபாக்கியின் அரசு மறுபடியும் கட்டணத்தை எடுத்தது. என்னைக் கேட்டா, இந்தத் தடவை பெரிய வித்தியாசம் ஒன்னு இருந்தது. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 1,020 ஷில்லிங்னு கணக்குப் போட்டு, புத்தகத்துக்கும் பராமரிப்புக்கும் பள்ளியோட வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்பினாங்க. சுமார் 59 லட்சமாக இருந்த மாணவர்கள் ஒரே வருஷத்தில் 72 லட்சம் ஆனார்கள். சில வகுப்புகளில் நூறு பேருக்கு ஒரே ஆசிரியர்.

அடுத்த வருஷம் எல்டோரெட்டில் கிமானி மருகே என்பவர் ஒன்னாம் வகுப்பில் சேர்ந்தார். அவருக்கு 84 வயசு! சின்ன வயசுல படிக்க வசதியில்லாதவர். பைபிளைத் தானே வாசிக்கணும், பணத்தைத் தானே எண்ணணும்னு ஆசை. கின்னஸ் சாதனைப் பட்டியலிலும் பேர் வந்தது.

மருகே சீருடை போட்டுக்கிட்டுத்தான் வகுப்பில் உட்கார்ந்தார். அந்தச் சீருடைச் செலவு 2003-க்கு அப்புறமும் குடும்பங்கள் தலையில்தான் இருந்தது. அதனால, எந்த ஊர்லயாவது ‘இலவசக் கல்வி’ன்னு அறிவிப்பு வந்தா, நான் முதல்ல தேடுறது இதைத்தான்: சுவருக்கும் சாக்பீஸுக்கும் சட்டைக்கும் யார் காசு கொடுக்கறாங்க? அடுத்த எபிசோடுல சந்திப்போம்.