யாரும் படிக்காத பக்கம் சோறு போட்ட கதை

பேப்பரில் பொடி எழுத்துல "பொது அறிவிப்பு"ன்னு ஒரு பகுதி வருமே, அதை யாராவது முழுசா படிச்சிருக்கீங்களா? "எனது கட்சிக்காரர்..."ன்னு ஆரம்பிச்சு, சர்வே நம்பர், நான்கெல்லை எல்லாம் சொல்லி, "ஆட்சேபணை இருப்பின் 15 நாட்களுக்குள்..."ன்னு முடியும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத் தாண்டி சினிமா பக்கத்துக்குப் போயிடுவோம். எனக்கு மட்டும் அந்தப் பகுதி மேல ஒரு கிறுக்கு உண்டு. ஊர்ல யார் சொத்து யார் கைக்குப் போகுதுன்னு வேற எங்கே இவ்வளவு சுருக்கமா தெரியும்? :-)

அந்தக் கிறுக்கில் பழைய அமெரிக்கச் சின்ன ஊர்ப் பத்திரிகைகளை நெட்டில் மேய்ந்ததில் சிக்கியதுதான் இந்தக் கதை. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2007லிருந்து இந்தப் பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக வலையேற்றி வருகிறது. அதில் தெற்கு டகோட்டா மாநிலத்துப் பத்திரிகைகளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. செய்தி கொஞ்சம்தான். கடை விளம்பரமும் அப்படி ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. ஆனால் பத்தி பத்தியாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி சட்ட அறிவிப்புகள். அந்த அறிவிப்புகளுக்காகவே பிறந்து, அவை தீர்ந்ததும் செத்துப்போன பத்திரிகைகள் அவை.

சரி, முதலில் சட்டத்தைப் பார்த்துடுவோம்.

1862 மே 20ம் தேதி ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அரசாங்க நிலத்தில் 160 ஏக்கர் வரை எழுதிக் கொடுத்து வாங்கிக்கலாம். அங்கே வீடு கட்டி, பயிர் வைத்து, ஐந்து வருஷம் குடியிருந்து காட்டினால் நிலம் உங்களுக்கே. பதிவுக் கட்டணம் தவிர வேறு விலை இல்லை. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் (1891க்குப் பிறகு) 14 மாசம் குடியிருந்துவிட்டு, ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டியும் பட்டா வாங்கலாம்.

இதில் எவ்வளவு தில்லுமுல்லு நடக்கும்னு நமக்குச் சொல்லித் தரணுமா என்ன! சக்கரம் வைத்த ஒரே குடிசையை இந்த நிலத்துக்கும் அந்த நிலத்துக்கும் இழுத்துக்கொண்டு போய் "இதுதான் என் வீடு" என்று காட்டியிருக்கிறார்கள். "12க்கு 14 வீடு கட்டியிருக்கேன்"னு சத்தியம் செய்துவிட்டு, அடிக்குப் பதிலாக அங்குலத்தில் பொம்மை வீடு கட்டியவர்களைப் பற்றியும் கதைகள் உண்டு.

இதைத் தடுக்க 1879 மார்ச் 3ம் தேதி ஒரு சட்டம் வந்தது. பட்டா கேட்பவர் "இன்ன தேதியில் என் கடைசி நிரூபணத்தைக் கொடுக்கப் போகிறேன்" என்று 30 நாள், வாரம் ஒரு முறை, பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். எந்தப் பத்திரிகை? அந்த நிலத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வெளியாகும் பத்திரிகை. அதை முடிவு செய்பவர் நில அலுவலகப் பதிவாளர். அறிவிப்பில் தன் பெயர், நிலத்தின் அடையாளம், தனக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்களின் பெயர் எல்லாம் இருக்கணும். வழக்கமாக நாலு பேர் பெயரைப் போடுவார்கள், அதில் இரண்டு பேர் நேரில் வந்து சாட்சி சொன்னால் போதும். இதற்கு 'ஃபைனல் ப்ரூஃப்' நோட்டீஸ் என்று பெயர்.

"பக்கத்தில் வெளியாகும் பத்திரிகை" என்ற அந்த நாலு வார்த்தையில்தான் வியாபாரம் இருந்தது.

வெட்டவெளிப் புல்வெளி. நாற்பது மைலுக்கு ஒரு ஊர் கிடையாது. ஆனால் சுற்றிலும் நூற்றுக்கணக்கான பேர் நிலம் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் நடுவில் ஒரு பலகைக் குடிசை போட்டு, ஒரு கைப்பிரஸ்ஸை வண்டியில் கொண்டுவந்து இறக்கினால், சட்டப்படி அதுதான் "பக்கத்துப் பத்திரிகை"! நோட்டீஸ் கட்டணத்தைப் பட்டா கேட்கும் விவசாயிதான் கட்டணும். தலைக்குச் சில டாலர். ஒரு பேச்சுக்கு ஆறு டாலர் என்று வையுங்கள். நாற்பது நோட்டீஸ் சேர்ந்தால் 240 டாலர். வேலையும் அதிகமில்லை. எல்லா நோட்டீஸுக்கும் வாசகம் ஒன்றே, பெயரும் நிலத்தின் எண்ணும் சாட்சிகளும்தான் மாறும். ஒரு தடவை அச்சுக் கோர்த்துவிட்டால் எழுத்துக்களைக் கலைக்காமல் அப்படியே வைத்து ஒவ்வொரு வாரமும் ஓட்டலாம்.

மிச்சப் பக்கங்களுக்கு என்ன செய்வது? அதற்கும் வழி இருந்தது. 1861ல் விஸ்கான்சின் மாநிலம் பாராபூ என்ற ஊரில் ஏ.என். கெல்லாக் என்ற பத்திரிகைக்காரர், தன் அச்சகத்து ஆட்கள் உள்நாட்டுப் போருக்குப் போய்விட்டதால், ஒரு பக்கம் ஏற்கெனவே அச்சடித்த தாள்களை வெளியிலிருந்து வரவழைத்து, மறுபக்கத்தில் மட்டும் உள்ளூர்ச் செய்தியை அடித்தார். அப்புறம் அவரே சிகாகோவில் அதைப் பெரிய தொழிலாக ஆக்கிவிட்டார். தொடர்கதை, சமையல் குறிப்பு, சர்வரோக நிவாரணி மருந்து விளம்பரம் எல்லாம் ரெடிமேடாக வந்து இறங்கும். ஆசிரியர் மறுபக்கத்தை நிரப்பினால் போதும். அதையும் நோட்டீஸ்களே நிரப்பிவிடும். ஆகப் பத்திரிகை ரெடி!

இப்படிப்பட்ட பத்திரிகைகளை அந்தக் காலத்தில் 'ப்ரூஃப் ஷீட்' என்றே சொன்னார்கள். தெற்கு டகோட்டாவில் ஈ.எல். சென் என்பவர் ஒரு கட்டத்தில் 35 பத்திரிகைகள் வைத்திருந்தார். 'ஃபைனல் ப்ரூஃப் ராஜா' என்பது அவருக்குப் பட்டப்பெயர். வெறும் காசு பார்த்த ஆள் என்று ஒதுக்கவும் முடியாது. பின்னாளில் டெட்வுட் என்ற சுரங்க நகரத்துக்குப் போய், அங்கே சூதாட்டத்துக்கும் சாராயக் கடைகளுக்கும் எதிராகப் பத்திரிகை நடத்தி மல்லுக்கட்டியவர்.

அவருடைய பத்திரிகைகளில் ஒன்று மெக்ளூர் பிரஸ். அதை நடத்திய பெண் ஈடித் ஆமன்ஸ். 1907ல் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து தங்கை ஐடா மேரியுடன் நிலம் தேடி வந்தவர். அச்சுக் கோர்ப்பது முதல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். பிறகு லோயர் ப்ரூல் பகுதிக்குப் போய், 'ரிசர்வேஷன் வாண்ட்' என்று சொந்தமாக ஒரு பத்திரிகையே ஆரம்பித்தார். கூடவே கடை, தபால் நிலையம் எல்லாம் வைத்து சகோதரிகள் ஒரு ஊரையே உண்டாக்கினார்கள். அந்த ஊருக்குப் பெயரும் ஆமன்ஸ்தான். ஈடித் கோல் என்ற பெயரில் 1938ல் அவர் எழுதிய 'லேண்ட் ஆஃப் தி பர்ண்ட் தை' என்ற நினைவுக் குறிப்பில் இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறார்.

இந்த நோட்டீஸ் பக்கங்களை வெறும் காசு பிடுங்கும் சடங்கு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தப் புல்வெளியில் அதை ஆட்கள் உண்மையிலேயே படித்தார்கள். படிக்க வேறு எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். :-) பெரிய காரணம், அதில் வருவதெல்லாம் தெரிந்த பெயர். "இவன் ஆறு மாசமா ஊர்லயே இல்லையே, எப்படி ப்ரூஃப் கொடுக்கிறான்?" என்று பக்கத்து நிலத்துக்காரனுக்குத் தெரியும். ஆட்சேபணை சொல்ல அவனுக்கு அவகாசம் இருந்தது. சாட்சிகளின் பெயரும் அச்சில் இருப்பதால், பொய்ச்சாட்சி சொல்பவன் ஊர் முகத்தில் முழிக்க வேண்டும்.

வியாபாரிகளும் படித்தார்கள். பட்டா வந்தால்தான் நிலத்தை அடமானம் வைக்கலாம். அதனால் நோட்டீஸுக்குப் பக்கத்துப் பத்தியிலேயே வங்கி விளம்பரம், நிலக்கடன் ஏஜென்ட் விளம்பரம், மரக்கடை விளம்பரம், வக்கீல் விளம்பரம். நோட்டீஸைப் படித்தே யாரிடம் கடன் கொடுக்கப் போகலாம் என்று ஏஜென்ட் கணக்குப் போட்டுவிடலாம்.

1910, 1911 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. மிசோரி ஆற்றுக்கு மேற்கே குடியேறியவர்கள் கும்பல் கும்பலாக வெளியேறினார்கள். பட்டா வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள், மற்றவர்கள் போய்விட்டார்கள். ப்ரூஃப் ஷீட்டுகள் ஒவ்வொன்றாக மூடின. தாக்குப்பிடித்த பத்திரிகைகளில் இப்போது வேறு நோட்டீஸ்கள்: வரி பாக்கிப் பட்டியல், அடமான ஏலம். முதலில் நிலம் கிடைத்த செய்தியாக வந்த பெயர், அப்புறம் அதே மாதிரிப் பொடி எழுத்தில் நிலம் போன செய்தியாக வரும். நடுவில் அந்தக் குடும்பம் என்ன பாடுபட்டது என்பதற்கு ஒரு வரி கூட இருக்காது.

*

இதில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்த விஷயம் இன்னொன்று. இவ்வளவு கவனமாக "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்ட அந்த நிலம் யாருடையது?

லகோட்டா மக்களுடையது. ஈடித் புத்தகத்தின் தலைப்பில் வரும் 'எரிந்த தொடை' கூட அவர்களில் சிச்சாங்கு என்ற பிரிவின் பெயருக்கான அர்த்தம்தான். 1868ல் லாரமி கோட்டையில் போட்ட ஒப்பந்தப்படி, அவர்கள் நிலத்தை எடுக்க வேண்டுமானால் வயதுவந்த ஆண்களில் முக்கால் பங்குப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். 1903ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு பழங்குடியினர் வழக்கில், லோன் உல்ஃப் வழக்கு என்பார்கள், இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைக் காங்கிரஸ் தன்னிச்சையாக மீறலாம் என்று சொல்லிவிட்டது. ரோஸ்பட் பகுதியில் மாற்றிய விலை நிபந்தனைகளுக்கு முக்கால் பங்குக் கையெழுத்து கிடைக்கவில்லை. இருந்தும் 1904ல் காங்கிரஸ் சட்டம் போட்டு கிரெகரி மாவட்டத்தில் நாலு லட்சம் ஏக்கருக்கு மேல் திறந்துவிட்டது. சுமார் 2,400 நிலங்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுக்க, குலுக்கல் நடந்தது.

ஒரு குடியானவனின் 160 ஏக்கருக்கு 30 நாள் அறிவிப்பு, நாலு சாட்சி பெயர். ஒரு இனத்தின் நாலு லட்சம் ஏக்கருக்கு, அவர்கள் சொன்ன ஆட்சேபணை கணக்கிலேயே சேரவில்லை. அறிவிப்பு கொடுப்பதும், பதிலைக் காதில் வாங்கிக்கொள்வதும் வேறு வேறு சமாச்சாரம் என்று இதைவிடத் தெளிவாக எனக்கு வேறு எதுவும் சொன்னதில்லை.

அறிவிப்பு கொடுத்தாலே போதுமா என்ற கேள்வி பிற்பாடு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. 1950, முல்லேன் வழக்கு. ஒரு நியூயார்க் வங்கி, பலருடைய டிரஸ்ட் பணத்தை ஒன்றாகச் சேர்த்து நிர்வகித்தது. கணக்கை முடிக்கும்போது உரியவர்களுக்குப் பத்திரிகை அறிவிப்பு மட்டும் கொடுத்தது. பலருடைய முகவரி வங்கியிடமே இருந்தது! தீர்ப்பு எழுதியவர் ராபர்ட் ஜாக்சன். ஜேம்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் பல வருஷம் வக்கீல் தொழில் செய்தவர், பத்திரிகையின் பின்பக்கப் பொடி எழுத்தை யார் எவ்வளவு படிப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. முகவரி தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்பு, தற்செயலாகக் கண்ணில் படும் என்று பத்திரிகையை நம்பி விடாதே என்று தீர்ப்பளித்தார். ஆள் யார், எங்கே என்றே தெரியாவிட்டால் மட்டும் பத்திரிகை போதும்.

இப்போது விவாதம் அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறது. ஃப்ளோரிடா மாநிலம் 2022ல் போட்ட சட்டப்படி, 2023 ஜனவரி 1லிருந்து அரசு அமைப்புகள் பல அறிவிப்புகளைப் பத்திரிகைக்குப் பதிலாக மாவட்ட வலைத்தளத்திலேயே போட்டுக்கொள்ளலாம். செலவு மிச்சம் என்கிறது அரசாங்கத் தரப்பு. சின்ன ஊர்ப் பத்திரிகைகளின் வயிற்றில் அடிக்கிற வேலை என்கிறது பத்திரிகைத் தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கு.

என் கட்சி என்னன்னா, பத்திரிகை பிழைப்பது இரண்டாவது விஷயம். நோட்டீஸ் என்பது தேடுகிறவனுக்காகப் போடுவது இல்லை, தேடத் தெரியாதவன் கண்ணிலும் படவேண்டும் என்று போடுவது. வலைத்தளத்தில் தேடுகிறவனுக்கு மட்டும்தான் கிடைக்கும். மழை நிலவரமோ மாட்டுச் சந்தை விலையோ பார்க்க பேப்பரைப் பிரித்தவன், "அட, இது நம்ம பக்கத்து நிலமாச்சே"ன்னு நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் அந்தச் சட்டம் வேலை செய்தது என்று அர்த்தம்.

இன்னொரு பலனும் உண்டு, அதை 1879ல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்றைக்குத் தங்கள் முப்பாட்டன் எங்கே குடியேறினான் என்று தேடும் அமெரிக்கர்களுக்கு இந்த ப்ரூஃப் நோட்டீஸ்கள்தான் புதையல். பட்டா ஆவணத்தில் பெயரும் நிலமும்தான் இருக்கும். நோட்டீஸில் சாட்சிகளின் பெயரும் இருக்கிறது. அக்கம்பக்கம் யார் யார், யார் யாரை நம்பினார்கள் என்பது நாலைந்து வரியில் தெரிந்துவிடும். தலையங்கங்களை யாரும் தேடுவதில்லை!

அடுத்த தடவை பேப்பரில் அந்தப் பொடி எழுத்துப் பக்கம் வந்தால் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. உங்க தெரு பேர், உங்க சர்வே நம்பர் ஏதாவது இருக்கான்னு.