நினைவுக்கு ஓர் இடம்

1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில், இடலாக்குடிச் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். பலர் விடுக்கும் வினாக்களையும் பணிகளையும் ஒரே அமர்வில் மனத்தில் தாங்கி, ஒவ்வொன்றையும் பிழையின்றி முடித்தலே அவதானம் எனப்படும். எட்டாயின் அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், நூறாயின் சதாவதானம். ஒருவர் ஈற்றடி தந்து வெண்பாக் கேட்பார். ஒருவர் கணக்கு வினவுவார். பின்னால் ஒருவர் முதுகில் சிறு கற்களை எறிவார். இடையிடையே மணி ஒலிக்கும். இறுதியில் கல் எத்தனை, மணி எத்தனை என்றும் கூறல் வேண்டும். ‘துருக்கன்’ என்ற சொல் அமைந்த ஈற்றடி ஒன்றைப் பாவலரிடம் கொடுத்து மடக்க முயன்றபோது, அவர் அதனைச் ‘சத்துருக்கன்’ என்பதன் பிற்பகுதியாக்கிப் பாடினார் என்று ஒரு செய்தி வழங்குகிறது.

இத்தகையோரைக் கண்டால் நாம் ‘தெய்வ அருள்’ என்போம். பாராட்டாக அது பொருந்தும். ஆயின் அருள் என்று கூறியவுடன் ‘எவ்வாறு செய்தார்?’ என்ற வினா எழாமலே போய்விடுகிறது. நம்மவரிடம் வழி இல்லாமல் இல்லை. எதுகையும் மோனையும் அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கும் கொக்கிகள் அல்லவோ? ஒரு பாட்டின் இறுதி அடுத்ததன் முதலாக வரும் அந்தாதி, நினைவுக்கென்றே கோத்த சங்கிலி போன்றது. நாம் ஓசையைப் பற்றினோம். யவனர் இடத்தைப் பற்றினர்.

கி.மு. 55இல் சிசரோ எழுதிய நூலில் ஒரு கதை உண்டு. விருந்து மண்டபம் ஒன்று இடிந்து வீழ்ந்தது. சற்று முன்னரே வெளியே சென்றிருந்த கவிஞர் சைமனிடிசு மட்டும் உயிர் தப்பினார். உருத் தெரியாமல் நசுங்கிய உடல்களை, இன்னார் இன்ன இடத்தில் அமர்ந்திருந்தார் என்று நினைந்து அவர் அடையாளம் காட்டினாராம். கதை எவ்வாறாயினும், அதிலிருந்து எடுத்த முறை உறுதியானது: பழகிய இடங்களை வரிசையாக மனத்தில் நடந்து, நினைக்க வேண்டியவற்றை உருவங்களாக்கி அங்கங்கே வைத்தல். ஆசிரியர் பெயர் தெரியாத பழைய இலத்தீன் நூல் ஒன்று இதனைப் பாடமாகவே சொல்கிறது. உருவம் வியப்போ நகைப்போ ஊட்டல் வேண்டும். வரிசை பிறழாதிருக்க ஐந்தாம் இடத்தில் பொற்கை ஒன்றை வைத்தல் வேண்டும் என்பன அதன் விதிகள்.

2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், முன்பயிற்சி இல்லாதவர் நாளும் அரைமணி நேரமாக நாற்பது நாள் இம்முறையைப் பழகினர். 72 சொற்கள் கொண்ட பட்டியலில், முன்னிலும் முப்பதுக்கு மேற்பட்ட சொற்களைக் கூடுதலாக அவர்கள் ஒப்பித்தனர்.

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ளது எங்கள் அருள்புரம். பள்ளியை இடையில் விட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்தோர் பலர், “எனக்கு ஞாபகசக்தியே கிடையாதுங்க” என்பர். மின்சாரம் நின்ற இருட்டிலும் தையல் எந்திரங்களின் ஊடே முட்டாமல் நடப்பவர் கூறும் சொல் இது! அவருக்குப் பத்துப்பாட்டின் வரிசை தேர்வுக்கு வேண்டுமாயின், தம் கம்பெனியையே ஏடாகக் கொள்ளட்டும். வாயிலில் காவலர் நாற்காலியில் வேலுடன் முருகன் அமர்ந்திருக்கிறான்: திருமுருகாற்றுப்படை. நூல் மூட்டைகளின் மேல் ஏறிநின்று ஒருவன் பறை முழக்குகிறான்: பொருநராற்றுப்படை. நிட்டிங் எந்திரத்து நூலில் சிற்றியாழ் சிக்கிச் சுழல்கிறது: சிறுபாணாற்றுப்படை. கட்டிங் மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு பேரியாழ் கிடக்கிறது: பெரும்பாணாற்றுப்படை. ஐந்தாவது பவர் டேபிள். அங்கே ஒரு பொற்கை முல்லைப் பூக்களைத் தைத்துக்கொண்டிருக்கிறது: முல்லைப்பாட்டு.

செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று இடங்கள் இன்னும் இருக்கின்றன. செக்கிங் மேசையில் மதுரை மாநகரை எவ்வாறு ஏற்றுவது என்பதை, நேயர்களே, நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.