வன்னி வெயிலும் மாற்றுச் சிறுநீரகமும்

சிறுநீரகம் மாற்றியவரின் தோலில் புற்றுநோய் எழும் ஆபத்து அதிகம் என்பது மருத்துவ உலகுக்கு அரை நூற்றாண்டாகத் தெரிந்த செய்தி. 1954 இல் பொஸ்டனில் வெற்றி கண்ட முதல் மாற்றுச் சிகிச்சை, ஒத்த இரட்டையருக்கிடையே நடந்ததால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கேட்கவில்லை. 1960களில் அத்தகைய மருந்தான அசதயோப்பிரின் வந்த பிறகே பிறர் தந்த சிறுநீரகம் உடலில் நிலைக்கத் தொடங்கியது. ஆனால் அம்மருந்து தோற்கலங்களை வெயிலின் புறஊதாக் கதிருக்கு இலகுவில் பழுதாகச் செய்தது. பழுதான கலத்தை அழிக்கவேண்டிய காவலும் அடங்கிக் கிடந்தது. 1970களின் தொடக்கத்திலேயே அவுஸ்திரேலிய மருத்துவர்கள் இதைப் பதிந்தார்கள். அவர்கள் பார்த்ததோ பெரும்பாலும் வெள்ளைத் தோல். கறுத்த தோலுக்கு இதில் கவலையில்லை என்ற எண்ணம் அந்த வரலாற்றின் நிழல்; இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்கு அது பொருந்தாது.

இலங்கையில் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை 1985 இல் தொடங்கியது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட, காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் வன்னியின் வவுனியாவிலும் கண்டறியப்பட்டது. அது அதிகம் பிடித்தது நெல் விவசாயிகளை. அவர்களின் இரு நெற்போகங்களில் காலபோகம் மழையை நம்பியது. இரணைமடு, பாவற்குளம் போன்ற பெருங்குளங்கள் தந்த சிறுபோகமோ கோடையில் வளர்ந்து ஆவணி வெயிலில் அறுவடையாவது. தலையில் சுற்றிய துவாய் உச்சியைக் காக்கும். காது, கீழுதடு, புறங்கை மூன்றும் வருடக்கணக்காக வெயில் குடிக்கும். மாற்றுச் சிறுநீரகத்தோடு வயலுக்குத் திரும்புபவர் இந்தப் பழைய வெயிலையும் தோலில் சுமந்தே திரும்புகிறார்.

கறுத்த தோலின் நிறமி பெருங்காவல் என்பது உண்மைதான். ஆபத்து குறைவு என்பதும் உண்மை. குறைவு என்பது இல்லை என்றாகாது. அமெரிக்க ஆய்வுகளில், மாற்று உறுப்புப் பெற்ற கறுப்பினத்தவருக்குப் புற்று பெரும்பாலும் வெயில் படாத மறைவிடங்களில் இருந்தது. ஆசிய வம்சாவளியினருக்கு வெயில் படும் இடங்களில் இருந்தது. ஆகவே முகத்தையும் கையையும் மட்டும் பார்ப்பது போதாது. குருதிச் சுத்திகரிப்புக்கே அலையும் மண்ணில் தோலைப் பார்க்க நேரமேது என்று கேட்கலாம். இதற்கு இயந்திரம் தேவையில்லை. நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். சொரசொரப்பாகத் தடித்து, தொட்டால் இரத்தம் கசிந்து, வாரக்கணக்கில் ஆறாத புண்ணை மரு என்று விட்டுவிடாமல் காட்டினால், சிறியதாக இருக்கும்போதே வெட்டி அகற்றலாம். பிந்தினால் அது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவி உயிரை எடுக்கும். வயலை விடு என்று விவசாயியிடம் சொல்வது நியாயமல்ல; பயந்து மருந்தைத் தானாக நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடும். முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, உச்சி வெயிலுக்கு முன் முடிக்கும் வேலை, கிளினிக்கில் உடல் முழுவதையும் பார்க்கும் வழக்கம்: இவை வன்னியால் இயன்றவை. இன்னொருவர் ஈந்த உறுப்பைக் காப்பதில் தோலைக் காப்பதும் அடக்கம்.