வரிக்கு வருமானம், சேமிப்புக்கு இல்லை

அமெரிக்காவில் 1987 முதல் 2019 வரை, 33 ஆண்டுகள், ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகையைச் சட்டம் இரண்டு விதமாகப் பார்த்தது. முனைவர் பட்டத்துக்காக உழைக்கும் ஒருவர் தனக்கு வரும் வாழ்க்கைச் செலவுத் தொகைக்கு வருமான வரி கட்டியாக வேண்டும். ஆனால் அந்தத் தொகை மட்டுமே அவருடைய வருவாய் என்றால், அதிலிருந்து ஒரு டாலரைக்கூடத் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில் போட அவருக்கு உரிமை இல்லை. ஐஆர்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தக் கணக்கு, வேலை வழியாக ஓய்வூதியம் கிடைக்காதவர்கள் முதுமைக்குச் சேமிக்கவென்றே உருவாக்கப்பட்டது. அத்தகைய ஓய்வூதியம் இல்லாத ஆராய்ச்சி மாணவர்களுக்குத்தான் அது மறுக்கப்பட்டது. ஆராய்ச்சி மாணவர்களைத் தண்டிக்க யாரும் இப்படித் திட்டமிடவில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கங்களுக்காக எழுதப்பட்ட இரண்டு சட்டங்கள் ஒரே ஆளின் மீது வந்து விழுந்தன. ஒன்று மாறியபோது மற்றொன்றை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு பணத்துக்கு அரசு என்ன பெயர் வைக்கிறது என்பது, அதைப் பெறுபவரின் எதிர்காலத்தை எவ்வளவு ஆழமாகத் தீர்மானிக்கிறது என்பதற்கு இந்த வரலாறு தெளிவான சான்று.

தொடக்கத்தில் கேள்வி வேறாக இருந்தது. 1913இல் கூட்டாட்சி வருமான வரி வந்தபோது அன்பளிப்புகளுக்கு விலக்கு உண்டு. கல்வி உதவித்தொகைக்கென்று தனி விதி கிடையாது. ஆகவே ஒவ்வொரு தொகையும் அன்பளிப்பா, உழைப்புக்கான ஊதியமா என்று வழக்குக்கு வழக்கு முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அறிவியல் ஆராய்ச்சியை நாட்டின் வலிமையாகக் கருதிய அரசு, 1950இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையை நிறுவியது. 1952 முதல் அது பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. அரசே வாரி வழங்கும் தொகையின் வரிநிலை குழப்பமாக இருப்பது சரியல்ல என்ற நிலையில், 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டத்தொகுப்பு 117ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. பட்டம் பெறப் படிப்பவருக்கு உதவித்தொகை முழுவதும் வரிவிலக்கு. கற்பித்தல், ஆராய்ச்சி போன்ற பணிக்கு ஈடாகத் தரப்படும் பகுதிக்கு மட்டும் வரி. அந்தப் பணி அதே பட்டத்துக்குப் படிக்கும் அனைவருக்கும் கட்டாயமாக இருந்தால் அதற்கும் விலக்கு. பட்டத்துக்காகப் படிக்காத ஆய்வாளர்களுக்கு மாதம் 300 டாலர் வரை, 36 மாதங்களுக்கு விலக்கு கிடைத்தது.

உதவிக்கும் ஊதியத்துக்கும் இடையிலான கோட்டை உச்ச நீதிமன்றம் 1969இல் இன்னும் அழுத்தமாக வரைந்தது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் நடத்திய பெட்டிஸ் அணுசக்தி ஆய்வகத்தின் பொறியாளர்கள் சிலர், முனைவர் பட்ட ஆய்வுக்காக விடுப்பில் சென்றபோது நிறுவனம் அவர்களுக்குத் தொகை கொடுத்தது. படிப்பு முடிந்ததும் நிறுவனத்துக்கே திரும்பிவந்து பணியாற்றுவதாக அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அது உதவித்தொகை, வரி கிடையாது என்று அவர்கள் வாதிட்டார்கள். பிங்லர் எதிர் ஜான்சன் என்ற அந்த வழக்கில், கைமாறாகப் பணியை எதிர்பார்த்துத் தரும் பணம் ஊதியமே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் மறுபக்கமும் சட்டத்தில் ஊன்றிவிட்டது: கைமாறு எதுவும் கேட்காமல் தரப்படுவதே உதவித்தொகை. அன்று இந்தப் பிரிப்பால் மாணவருக்கு இழப்பில்லை. ஊதியம் அல்ல என்ற பெயரே அவருக்கு வரிவிலக்கைத் தந்தது.

ஓய்வுக்காலக் கணக்கின் கதை வேறொரு மூலையில் தொடங்குகிறது. 1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கர் கார் நிறுவனம் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரிலிருந்த தொழிற்சாலையை மூடியது. 4,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட ஓய்வூதியத்தில் பெரும்பகுதியையோ முழுவதையுமோ இழந்தார்கள். அந்த அதிர்ச்சி கிளப்பிய நீண்ட விவாதத்தின் முடிவில், 1974 செப்டம்பர் 2ஆம் தேதி, அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று, குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு எரிசா என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். நிறுவன ஓய்வூதியங்களுக்குப் பாதுகாப்பு தந்த அந்தச் சட்டம், அப்படிப்பட்ட ஓய்வூதியம் இல்லாதவர்கள் தாங்களே சேமிக்க ஐஆர்ஏ கணக்கையும் உருவாக்கியது. ஆண்டுக்கு 1,500 டாலர் அல்லது ஊதியத்தில் 15 சதவீதம், எது குறைவோ அதுவரை போடலாம். 1981இல் இந்த வாய்ப்பு உழைத்து ஊதியம் பெறும் எல்லோருக்கும் விரிந்தது; வரம்பும் 2,000 டாலராக உயர்ந்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை: உண்மையில் செய்த பணிக்காகப் பெற்ற வருவாயிலிருந்துதான் சேமிக்க முடியும். வட்டியும் வாடகையும் பங்காதாயமும் அதில் சேராது. உதவித்தொகையும் சேராது. அன்றைய நிலையில் இது நியாயமாகவே இருந்தது. வரியே கட்டாத பணத்துக்கு வரிச்சலுகை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

இந்தச் சமநிலையை உடைத்தது 1986இன் வரிச் சீர்திருத்தம். வரிவீதத்தைக் குறை, வரிக்கு உட்படும் வருமானத்தை விரிவாக்கு என்பது அதன் கொள்கை. தனிநபருக்கான உச்ச வரிவீதம் 50 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக இறங்கியது. ஈடுகட்டப் பழைய விலக்குகள் பல நீக்கப்பட்டன. 117ஆம் பிரிவும் அப்போது சுருங்கியது. பட்டத்துக்காகப் படிப்பவரின் கல்விக்கட்டணம், பாடநூல், தேவையான கருவிகள் ஆகியவற்றுக்கான தொகைக்கு மட்டும் விலக்கு நின்றது. சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் தரப்படும் தொகை 1987 முதல் வரிக்குள் வந்தது. தனிநபர் விலக்குத் தொகையும் நிலையான கழிவும் அதே சட்டத்தில் உயர்ந்ததால், மிகக் குறைந்த வருவாயுள்ளவர்களுக்குச் சுமை இராது என்று வாதிடப்பட்டது. அந்த வாதத்தில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆனால் சட்டமன்றம் வரி விதிக்கும் பிரிவைத் திருத்திவிட்டு, ஓய்வுக்காலச் சேமிப்புப் பிரிவில் எது ஊதியம் என்ற வரையறையை அப்படியே விட்டுவிட்டது. உதவித்தொகை ஊதியம் அல்ல என்ற பழைய பெயர் அங்கே தொடர்ந்தது. முன்பு அந்தப் பெயர் மாணவருக்கு விலக்கு தந்தது. 1987க்குப் பின் விலக்கு போய்விட்டது, தடை மட்டும் எஞ்சியது.

வரிப் படிவங்களைப் பார்த்தால் இந்த முரண் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஊதியம் பெறுவோருக்கு முதலாளி டபிள்யூ-2 என்ற படிவத்தை அனுப்புவார். வரியையும் முன்கூட்டியே பிடித்துக்கொள்வார். தூய உதவித்தொகைக்கு அந்தப் படிவம் வராது. அமெரிக்கக் குடிமக்களுக்குப் பொதுவாக வரிப் பிடித்தமும் இல்லை. மாணவரே கணக்கிட்டு, தேவைப்பட்டால் காலாண்டுக்கு ஒருமுறை உத்தேச வரி கட்ட வேண்டும். ஆண்டு வரிக்கணக்கில் அந்தத் தொகையைச் சம்பளம் எழுதும் வரியில்தான் சேர்க்க வேண்டும் என்றும், அருகே ‘எஸ்சிஎச்’ என்ற மூன்றெழுத்தைக் குறிக்க வேண்டும் என்றும் வரித்துறை பல ஆண்டுகள் அறிவுறுத்தியது. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவரின் நிலையான கழிவைக் கணக்கிடும்போது அதே தொகை ஈட்டிய வருமானமாகக் கொள்ளப்பட்டது. ஆனால் ஓய்வுக்காலக் கணக்கு என்று வந்தால் அது ஈட்டிய வருமானம் அல்ல. டபிள்யூ-2 படிவத்தின் முதல் கட்டத்தில் ஏறியிருந்தால் மட்டுமே செல்லும். தெரியாமல் பணத்தைப் போட்டுவிட்டவர், அதைத் திருப்பி எடுக்கும்வரை ஆண்டுதோறும் 6 சதவீதத் தண்ட வரிக்கு ஆளாவார். ஒரே ஆய்வகத்தில், ஒரே பேராசிரியரிடம், ஒரே மாதிரியான சோதனைகளைச் செய்யும் இரு மாணவர்களில், ஆய்வு உதவியாளர் என்ற பெயரில் ஊதியம் பெற்றவர் சேமிக்கலாம். தேசிய அளவில் போட்டியிட்டு வென்ற உதவித்தொகையில் இருப்பவர் சேமிக்க முடியாது.

இதனால் இழந்தது என்ன என்பதை 1997க்குப் பின் தெளிவாக அளவிடலாம். டெலவேர் மாநில செனட்டர் வில்லியம் ராத்தின் பெயரால் அந்த ஆண்டு உருவான ராத் கணக்கில், போடும்போது வரிச்சலுகை இல்லை. ஓய்வுக்காலத்தில் விதிப்படி எடுக்கும்போது முதலுக்கும் வளர்ச்சிக்கும் வரி இல்லை. வரிவீதம் குறைவாக இருக்கும் இளம் வயதில் போடுவோருக்கே இது அதிகப் பயன் தரும். ஆராய்ச்சி மாணவரின் நிலை துல்லியமாக அதுதான். ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 25 வயதில் போட்ட 1,000 டாலர் 65 வயதில் 10,000 டாலரைத் தாண்டும். 32 வயதில் போட்டால் சுமார் 6,800 டாலர்தான். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள், அதன்பின் சில ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வு என்று காலத்தைக் கழிப்பவர், கூட்டுவட்டி மிக வலுவாக வேலை செய்யும் ஆண்டுகளையே இழக்கிறார். 1974இல், எரிசா சட்டம் வந்த அதே ஆண்டில் தொடங்கிய தேசிய ஆய்வுச் சேவை விருது போன்ற திட்டங்களில் தொகை பெறுவோர் எந்த நிறுவனத்தின் ஊழியராகவும் கருதப்படவில்லை. ஆகவே நிறுவன ஓய்வூதியமும் இல்லை, ஐஆர்ஏவும் இல்லை என்ற நிலையில் முப்பது வயதைக் கடந்தவர்கள் பலர்.

இதற்கு வரும் மறுப்புகளில் மூன்று கருதத்தக்கவை. முதலாவது, கொள்கை சார்ந்தது: இந்தக் கணக்கு உழைப்பின் பலனைச் சேமிக்க உருவானது, உழைப்புக்கு ஈடாக வராத பணத்துக்கு அதில் இடம் தந்தால் அடிப்படையே ஆட்டம் காணும் என்பது. ஆனால் சட்டமன்றம் இந்த அடிப்படையைத் தேவைப்பட்டபோதெல்லாம் தளர்த்தியிருக்கிறது. 1980களில் மணவிலக்கு பெற்றவருக்கு வரும், வரிக்கு உட்பட்ட ஜீவனாம்சம் ஊதியமாக ஏற்கப்பட்டது. 1996இல், வேலைக்குப் போகாத கணவனோ மனைவியோ இணையரின் ஊதியத்தைக் கொண்டு முழு வரம்புவரை சேமிக்க வழி பிறந்தது. 2006இல், வரியே கட்டாத போர்முனைச் சம்பளமும் சேர்ந்தது. இவை எல்லாமே நியாயமான திருத்தங்கள். இவற்றுக்கு இடம் உண்டென்றால், வரி கட்டிய உதவித்தொகைக்கு மட்டும் இடமில்லை என்று சொல்ல எந்தக் கொள்கையும் எஞ்சவில்லை. அதோடு, ஆராய்ச்சி வேறு உழைப்பு வேறு என்ற பிரிவே நிலையானதன்று. கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில், கற்பித்தல், ஆய்வுப் பணி செய்யும் மாணவர்கள் ஊழியர்களும்கூட என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2016இல் கூறியது. 2004இல் அதே வாரியம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது.

இரண்டாவது மறுப்பு, கைக்கும் வாய்க்கும் பற்றாத தொகையில் எந்த மாணவர் சேமிக்கப் போகிறார் என்பது. பலரால் முடியாது என்பது உண்மைதான். ஆனால் முடியாதவரின் நிலை, முடிந்தவரைத் தடுக்கக் காரணமாகாது. குறைந்த கூலி பெறும் கடை ஊழியரிடம், உன்னால் எப்படியும் சேமிக்க இயலாது, ஆகவே உனக்குக் கணக்கு இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. மூன்றாவது மறுப்பே வலுவானது: பெற்றோரின் பணபலம் உள்ள மாணவர்களே இதைப் பயன்படுத்துவார்கள், ஏற்றத்தாழ்வு கூடும் என்பது. ஓய்வுக்காலக் கணக்குகள் அனைத்துக்குமே இந்தக் குறை உண்டு. அதற்குப் பரிகாரம் குறைந்த வருவாய் உள்ளவர்களுக்கு அரசு நேரடியாகத் துணைத்தொகை தருவது. அதே ஆய்வகத்தில் ஊதியம் பெறும் பணக்கார மாணவரை அனுமதித்துவிட்டு, உதவித்தொகை பெறும் ஏழை மாணவரைத் தடுக்கும் விதி எந்த ஏற்றத்தாழ்வையும் குறைக்காது.

திருத்தம் மெல்லத்தான் வந்தது. 2016இல் ஜனநாயகக் கட்சியின் எலிசபெத் வாரனும் குடியரசுக் கட்சியின் மைக் லீயும் செனட்டில் பட்டமேற்படிப்பு மாணவர் சேமிப்பு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான விஷயங்களில் எதிரெதிர்த் துருவங்களில் நிற்கும் இருவர் இதில் ஒன்றுபட்டது, முரண் எவ்வளவு அப்பட்டமானது என்பதைக் காட்டியது. 2017இல் கல்விக்கட்டணத் தள்ளுபடிக்கும் வரி விதிக்கப் பிரதிநிதிகள் சபையின் மசோதா முனைந்தபோது, நாடெங்கும் பட்டமேற்படிப்பு மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். இறுதிச் சட்டத்தில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. 2019 டிசம்பர் 20ஆம் தேதி கையெழுத்தான, செக்யூர் என்ற ஓய்வுக்காலச் சேமிப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவாக, சேமிப்புக்கான திருத்தம் நிறைவேறியது. பட்டமேற்படிப்புக்கோ முதுமுனைவர் ஆய்வுக்கோ உதவியாகத் தரப்பட்டு, வரிக்குரிய வருமானத்தில் சேரும் தொகை, 2020 முதல் ஓய்வுக்காலக் கணக்கைப் பொறுத்தவரை ஊதியமாகவே கருதப்படும். டபிள்யூ-2 படிவம் தேவையில்லை. 2022ஆம் ஆண்டுக்கான படிவத்திலிருந்து இந்தத் தொகையைச் சம்பள வரியில் மூன்றெழுத்துக் குறியோடு எழுதும் வழக்கமும் போய், இணைப்புப் பட்டியலில் 8ஆர் என்ற தனி வரி வந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆய்வுக்குச் சென்று, ஐந்து ஆண்டுகளைக் கடந்து, வரிக்கணக்கில் அந்நாட்டு வாசிகளாகிவிட்ட மாணவர்களுக்கும் இந்த மாற்றம் பொருந்தும். உதவித்தொகைக் கடிதத்தையும் வங்கிப் பதிவுகளையும் பாதுகாத்து வைப்பதே அவர்களுக்கு ஆதாரம்.

இருந்தும் வேலை முடிந்துவிடவில்லை. இளநிலை மாணவரின் வரிக்குரிய உதவித்தொகை இன்றும் வெளியேதான் நிற்கிறது. குறைந்த வருவாயுள்ளோரின் சேமிப்புக்குத் தரப்படும் வரிச்சலுகையிலிருந்து முழுநேர மாணவர்கள் விலக்கப்பட்டிருக்கிறார்கள். உதவித்தொகையில் கழிந்த ஆண்டுகள் அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியக் கணக்கிலும் ஏறுவதில்லை. 2019இன் திருத்தம் ஒரே ஒரு கதவைத் திறந்தது. அதுவும் 33 ஆண்டுகள் தாமதமாக. அந்த ஆண்டுகளில் படித்து முடித்தவர்களுக்கு இழந்த சேமிப்புக் காலத்தை ஈடுகட்ட வழி எதுவும் செய்யப்படவில்லை. ஒரு பணத்தை வருமானம் என்று அரசு அறிவித்து வரி வாங்கத் தொடங்கும் நாளிலேயே, வருமானம் உள்ளவருக்குத் தரும் உரிமைகளும் அந்தப் பணத்தைப் பெறுபவருக்குச் சேர வேண்டும். கடமையை உடனே சுமத்திவிட்டு உரிமையை ஒரு தலைமுறை கழித்துத் தருவது, எந்தத் தீய நோக்கமும் இல்லாமல் நடந்தாலும் அநீதியே. வரிச் சட்டத்தைத் திருத்துவோர் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இன்று நாம் பெயர் மாற்றும் இந்தப் பணம், சட்டத்தின் வேறு எந்தப் பக்கத்தில் பழைய பெயரோடு கிடக்கிறது? 1986இல் அதைக் கேட்டிருந்தால், ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கும்.