மலைப்பாதையில் ஒரு பலகை

அமெரிக்காவின் வடகரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் நகருக்கு வடக்கே மாடிசன் கவுண்டி என்னும் மலைநாடு உள்ளது. பிரெஞ்ச் பிராட் ஆறு அந்த மலைகளினூடே டென்னஸியை நோக்கி ஓடுகிறது. இலையுதிர் காலத்தில் மரங்களின் வண்ணம் காணக் குடும்பத்தோடு அவ்வழியே செல்லும் அன்பர்கள், சாலையோரத்தில் கம்பத்தின்மேல் நிற்கும் வெள்ளிநிறப் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். கறுப்பு எழுத்தில் ஒரு தலைப்பு, அதன்கீழ் சில வரிகள், அவ்வளவுதான். காரை நிறுத்திப் படிப்பவர்கள் குறைவு.

இந்தப் பலகைகளை நாட்டும் திட்டத்துக்கு வடகரோலினா சட்டசபை 1935-இல் அனுமதி தந்தது. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் பென் என்பவரின் நினைவாக, 1936 ஜனவரியில் ஸ்டோவல் என்ற சிற்றூரில் முதல் பலகை எழுந்தது. இன்று மாநிலம் முழுவதும் 1,600-க்கு மேற்பட்ட பலகைகள் நிற்கின்றன. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதை வரலாற்றுப் பேராசிரியர்கள் அடங்கிய ஒரு குழு சான்றுகளை ஆராய்ந்து முடிவு செய்கிறது. ஓடும் காரிலிருந்து படிக்கவேண்டியது ஆதலால், சொற்களை எண்ணி எண்ணித்தான் எழுதவேண்டும்.

இந்த மலைநாட்டிலுள்ள ஹாட் ஸ்பிரிங்ஸ் சில நூறு பேரே வாழும் ஊர். அங்குள்ள பலகை ஒன்று, வெந்நீர் ஊற்றுகளைத் தேடி நோயாளிகள் வந்த காலத்தையும், முதல் உலகப்போரின்போது 1917-18-இல் ஜெர்மானியர்கள் அங்கே காவலில் வைக்கப்பட்டதையும் கூறுகிறது. இன்னொன்று ஜேன் ஜென்ட்ரி என்ற குடும்பத் தலைவியைப் பற்றியது. நாட்டுப்பாடல் சேகரிக்க 1916-இல் இங்கிலாந்திலிருந்து வந்த செசில் ஷார்ப் என்ற அறிஞருக்கு, அந்த அம்மாள் ஏராளமான பாடல்களைப் பாடிக் காட்டினார். தாய்நாட்டில் மறைந்துகொண்டிருந்த பாட்டு, கடல் கடந்து வந்தவர்களின் வழிவந்தோர் நாவில் உயிரோடு இருந்தது. பிறந்த மண்ணை விட்டு வந்து குழந்தைகளுக்குத் தாய்மொழிப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் குடும்பங்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதே மலைநாட்டில் மனத்தைக் கனக்கச் செய்யும் பலகை ஒன்றும் இருக்கிறது. அது ஷெல்டன் லாரல் படுகொலையைக் கூறுவது.

உள்நாட்டுப் போரின்போது வடகரோலினா தென்மாநிலங்களோடு சேர்ந்தது. மலையிலிருந்த ஏழை விவசாயிகளில் பலருக்கு அதில் மனம் இல்லை. அவர்கள் பழைய ஒன்றியத்தின் பக்கமே நின்றார்கள். அக்காலத்தில் குளிர்காலத்துக்கு இறைச்சியைப் பதப்படுத்த உப்பு இன்றியமையாதது. போரினால் உப்புக்குப் பெரும் தட்டுப்பாடு. ஒன்றியத்தை ஆதரிப்பவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டோருக்கு அது மறுக்கப்பட்டது. 1863 ஜனவரியில் மலைவாசிகள் சிலர் மார்ஷல் என்ற ஊருக்குள் புகுந்து உப்பையும் பிற பொருள்களையும் அள்ளிச் சென்றார்கள். அங்கிருந்த ஒரு படைத்தலைவரின் வீடும் அப்போது சூறையாடப்பட்டது.

அதற்குப் பழிவாங்கப் புறப்பட்டது 64-ஆம் வடகரோலினாப் படைப்பிரிவு. ஜேம்ஸ் கீத் என்ற அதிகாரியின் கீழ் வந்த வீரர்கள் ஷெல்டன் லாரல் பள்ளத்தாக்கில் ஆண்களைப் பிடித்தார்கள். பெண்களையும் அடித்துத் துன்புறுத்தினார்கள். பிடிபட்டவர்களை விசாரணைக்குக் கொண்டு போவதாகச் சொல்லி அழைத்துச் சென்று, வழியிலேயே நிறுத்தி 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆழமில்லாத குழியில் உடல்கள் புதைக்கப்பட்டன. அவர்களில் பலர் ஷெல்டன் என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள்.

அப்போதைய ஆளுநர் செபுலன் வான்ஸ் பக்கத்து மலைநாட்டில் பிறந்தவர். செய்தி கேட்டு அவர் விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரித்த அரசு வழக்கறிஞர் அகஸ்டஸ் மெரிமன், கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் கொள்ளையிலேயே சேராதவர்கள் என்று அறிகிறேன் என எழுதினார். ஆனாலும் கீத் பதவியை ராஜினாமா செய்ததோடு தப்பினார். போருக்குப் பிறகு கைதானவர், 1869-இல் சிறையிலிருந்து தப்பி ஓடினார். கடைசிவரை தண்டனை பெறவில்லை.

இந்த நிகழ்ச்சிக்கு மாநில அரசு பலகை நாட்டியது 1968-இல்தான். நூறு ஆண்டுகளுக்குப் பின்பு. ஊருக்காகப் போரிட்டு மாண்ட வீரனுக்கு நடுகல் எடுப்பது தமிழர் மரபு. இந்தப் பலகை வீரத்தைப் பாடவில்லை. தன் சொந்தப் படை செய்த அநீதியை ஒரு மாநிலம் தன் சாலையோரத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. தண்டனை வழங்க முடியாமற்போன இடத்தில், மறக்கமாட்டோம் என்று சொல்வதாவது மிஞ்சியது.

எனினும் சில வரிகளில் அடங்குவது கொஞ்சமே. 13 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள் என்று பலகை சொல்கிறது. அவர்களின் பெயர்கள் அதில் இல்லை. உப்பைப் பற்றிய பேச்சும் இல்லை. பலகை கதையின் தலைப்பு மட்டுமே. மற்றதைப் படிப்பவர்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இந்த மண்ணில் பிறந்து வளரும் குழந்தைகளுக்கு இதுவும் சொந்த ஊர்க்கதைதான். அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது ஐந்து நிமிடம் காரை நிறுத்தி, பலகையை உரக்கப் படிக்கச் சொல்லலாம். அந்த 13 பேரில் 13 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான் என்பதைப் பெரியவர்கள் கூடவே சொல்லவேண்டும். அதை எழுதப் பலகையில் இடமில்லை.