ஆஸ்பிரின் கைநழுவிய கதை

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதால்தான் பேயர் நிறுவனம் ‘ஆஸ்பிரின்’ என்ற பெயரைப் பறிகொடுத்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பிரிட்டன், பிரான்ஸ் விஷயத்தில் அது சரி. 1919 வெர்சாய் உடன்படிக்கையே அங்கே அதை முடித்துவைத்தது. அமெரிக்காவின் கதை வேறு. பேயரின் அமெரிக்கக் கிளையை அரசு கைப்பற்றி 1918 டிசம்பரில் ஏலம் விட்டபோது, ஸ்டெர்லிங் என்ற உள்நாட்டு நிறுவனம் சுமார் 53 லட்சம் டாலருக்கு எடுத்தது. வணிகக்குறியும் சேர்ந்தே கைமாறியது. ஆக, போர் உடைமையாளரைத்தான் மாற்றியது. பெயர் போனது 1921-இல், நியூயார்க் நீதிமன்றத்தில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் அளித்த தீர்ப்பால்.

அந்தத் தோல்விக்கு விதை போட்டது பேயரேதான். 1900-இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை 1917 வரை இருந்தது. போட்டிக்கு ஆள் இல்லாத அந்த ஆண்டுகளில் பேயர் மருந்தைத் தூளாகவே மற்ற தயாரிப்பாளர்களுக்கு விற்றது. அவர்கள் அதை மாத்திரையாக்கி, புட்டியில் ‘ஆஸ்பிரின்’ என்று போட்டு, கீழே தங்கள் பெயரை அச்சிட்டார்கள். பேயரின் பெயர் அதில் இல்லை. தலைவலிக்கு மாத்திரை கேட்டவருக்கு அதன் வேதிப்பெயரான அசிட்டைல் சாலிசிலிக் அமிலம் எங்கே தெரியும்? அவர் அறிந்த ஒரே பெயர் ஆஸ்பிரின். காப்புரிமை முடியும் தறுவாயில், 1915 வாக்கில்தான், ‘பேயர் ஆஸ்பிரின் மாத்திரைகள்’ என்று பேயர் சொந்த முத்திரையோடு கடைக்கு வந்தது. ஹேண்ட் இதையே பிடித்துக்கொண்டார்: ஆஸ்பிரின் என்பதே ஒரு நிறுவனத்தைச் சுட்டுமானால், முன்னால் பேயர் எதற்கு?

உழைத்து வளர்த்த பெயரை, புகழ்பெற்றுவிட்டது என்பதற்காகப் பிடுங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 1917-க்குப் பிறகு அந்த மருந்தை யாரும் தயாரிக்கலாம். மக்கள் அறிந்த ஒரே பெயரை மட்டும் ஒருவரிடம் விட்டுவைத்தால், முடிந்துபோன காப்புரிமை பின்வாசல் வழியாக நிரந்தரமாகிவிடும். புகழுக்குத் தண்டனை என்பதும் பொருந்தாது. பக்கத்து நாடான கனடாவில் அதே பெயர் இன்றும் பதிவுபெற்ற வணிகக்குறிதான். ஹேண்டும் முழுவதையும் பறிக்கவில்லை. மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஆஸ்பிரின் என்றால் பேயர் சரக்குதான் என்று ஏற்று, அவர்களுக்கு விற்கும்போது மற்றவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தடை விதித்தார். பொதுமக்களுக்கு நேரடியாக விற்பவர்களுக்கு மட்டும் அது திறந்துவிடப்பட்டது.