இலையில் வெட்டிய அளவு: ஒரு கத்தியின் பிடியும் அலகும்

போன வருசம் நாங்கள் ஆறு பேர் இலங்கைத்துறை முகத்துவாரத்துக்குப் போனோம். மூதூருக்குத் தெற்கே, வெருகலுக்கு வடக்கே, களப்பு கடலைத் தொடுகிற இடம். இரண்டு நாள் கரையில் தங்கி, சமைச்சுச் சாப்பிடுறதுதான் திட்டம். எங்கட பையில் இருந்த பெருமைக்குரிய சாமான் ஒரு கத்தி. இணையத்தில் வாங்கியது. கறுப்புப் பூச்சு, முதுகில் வாள்பல், பிடியின் அடியில் ஒரு திசைகாட்டி. அதைத் திருகித் திறந்தால் பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டிலும் வைக்கலாம்.

முதல் இளநீரிலேயே மானம் போயிற்று. இரண்டாவது வெட்டில் கத்தி கைக்குள் சுழன்றது. அலகு சரிந்து மட்டையில் வழுக்கியது. நல்ல காலம், விரல் தப்பியது. பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா எழும்பி வந்து கத்தியை வாங்கினார். கூரைத் தொட்டுப் பார்ப்பார் எண்டு நினைச்சம். அவர் பார்த்தது பிடியை. "உருளுது தம்பி. இது கத்திப் பிடி இல்ல, டோர்ச் லைட்" எண்டார். பிறகு தன்ட கத்தியை எடுத்து மூன்று வெட்டில் இளநீரைத் திறந்து தந்தார். அவருடையது கறுத்துப்போன அலகு, கை தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த மரப்பிடி. பார்க்க ஒன்றுமில்லை.

ஏன் எங்கட கத்தி தோற்றது, அவருடையது வென்றது? இந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சம். அந்தத் தேடல் எங்களை மறுபடி அதே கரைக்கே கொண்டுவந்து விட்டது.

கொட்டியாரத்தில் பிடிபட்டவர்

இலங்கைத்துறைக்கு வடக்கே கொட்டியாரக் குடா. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் போடுவதற்காக இங்கே வந்து நங்கூரம் போட்டது. 1660 ஏப்ரலில் அதன் கப்டனும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸும் இன்னும் சிலரும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தகப்பன் கைதியாகவே இறந்துபோனார். மகன் பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு, 1679இல், இன்னொரு கைதியோடு காடு வழியே தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். வெளியே தெரியாமல் மறைத்துக் கொண்டுபோகக்கூடிய ஆயுதம் என்று அவர்கள் எடுத்துப்போனது கத்தியும் சிறு கோடரியும்தான். 1681இல் லண்டனில் வெளிவந்த நொக்ஸின் புத்தகத்தைப் பலரும் சாகசக் கதையாகத்தான் படிக்கிறார்கள். எங்களுக்கு அதில் பிடித்தது கொல்லர்களைப் பற்றி அவர் எழுதிய பகுதி.

அவர் சொல்வது இதுதான். கொல்லர் பீடத்தில் ஆறுதலாக உட்கார்ந்திருப்பார். வேலை கொண்டுவந்தவர்தான் துருத்தி ஊத வேண்டும். பழுத்த இரும்பைப் பெரிய சம்மட்டியால் அடிப்பதும் அவர்தான். கொல்லர் இரும்பைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டி வடிவத்துக்குக் கொண்டுவருவார். அரம் போடுவதற்கு முன்னால், வந்தவரே கல்லில் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். கடைசியாகக் கொல்லர் அரத்தால் திருத்திக் கொடுப்பார். வழக்கமான திருத்த வேலைக்குக் கூலி, அறுவடையில் ஒரு அளவு நெல்.

நொக்ஸுக்கு இது கொல்லரின் இறுமாப்பாகத் தெரிந்தது. ஊரவர் தங்கட ஊர்க் கொல்லரிடம் மட்டுமே போகலாம் என்ற கட்டாயம் இருந்ததால்தான் அவருக்கு அந்த மிடுக்கு என்கிறார். அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் எங்களுக்கு அதில் வேறொன்றும் தெரிந்தது. கத்தியைப் பாவிக்கப் போகிறவர், அது உருவாகும் ஒவ்வொரு நிமிசமும் பக்கத்தில் நிற்கிறார். அலகு எவ்வளவு தடிப்பு, முனை எங்கே வளைகிறது எல்லாம் அவர் கண்முன்னால், அவர் கையால் நடக்கிறது. "இன்னும் கொஞ்சம் மெல்லிசா வேணும்" என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு இருந்தது.

இலையில் ஒரு வரைபடம்

அதே புத்தகத்தில் வேடர்களைப் பற்றி இன்னொரு செய்தி வருகிறது. அம்புக்கு இரும்பு அலகு வேண்டுமென்றால் அவர்கள் இரவில் வந்து, ஒரு சுமை இறைச்சியைக் கொல்லரின் கம்மாலையில் தொங்கவிடுவார்கள். பக்கத்தில் ஓர் இலை தொங்கும். தங்களுக்கு வேண்டிய அலகின் வடிவத்தில் கத்தரித்த இலை. அந்த அளவுக்குச் செய்து வைத்தால் மறுபடி இறைச்சி வரும். செய்யாவிட்டால் என்றைக்காவது ஓர் இரவில் அம்பு வரும்!

நொக்ஸ் எழுதியது விந்தனைக் காட்டுப் பக்கத்து வேடர்களை மனதில் வைத்து. ஆனால் வெருகல், இலங்கைத்துறை, மூதூர்ப் பக்கங்களிலும் வேடர் வழி வந்த, தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கிறார்கள். 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில் இந்தக் கிழக்குக் கரையோர வேடர்களும் வருகிறார்கள். அதனால் அந்த இலையை எங்கட கரையின் வரலாற்றோடும் சேர்த்துப் பார்ப்பதில் தவறில்லை.

யோசிச்சுப் பாருங்கோ. பேச்சு இல்லை, பேரம் இல்லை, முகம்கூடத் தெரியாது. ஆனால் அலகின் நீளம், அகலம், முனையின் கூர் மூன்றும் துல்லியமாகக் கைமாறுகிறது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒருவர்தான் இலையை அப்படிக் கத்தரிக்க முடியும்.

பிடி என்ன செய்கிறது

இப்ப எங்கட டோர்ச் லைட்டுக்கு வருவம். பொருள் வைக்கிற உள்ளீடற்ற பிடி, 1982இல் வந்த 'ஃபேர்ஸ்ட் ப்ளட்' படத்தால் உலகம் முழுக்கப் பிரபலமானது. அந்தக் கத்தியை வடிவமைத்தவர் ஜிம்மி லைல் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர். அவர் கவனமாகச் செய்ததை ஆயிரம் பேர் மலிவாகப் பிரதி பண்ணினார்கள். பிடி குழாயாக இருந்தால் இரண்டு சிக்கல். முதலாவது, அது வட்டமாக இருக்கும். வட்டமான பிடி கைக்குள் சுழலும். முட்டை வடிவமான பிடி சுழலாது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் கூர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். இரண்டாவது, உள்ளே இடம் விட வேண்டியிருப்பதால் அலகின் வால் பிடிக்குள் ஆழமாகப் போகாது. வெட்டு விழும்போது முழுப் பாரமும் அந்த ஒரு மூட்டில்தான் இறங்கும்.

பிடிக்குள் போகிற இரும்பு வாலில் இரண்டு பழைய முறைகள் உண்டு. ஒன்று, வாலை ஒடுக்கி மரத்துக்குள் இறக்கி, அரக்கு வைத்து, வாயில் ஒரு பூண் போடுவது. இதில் பாரம் குறைவு. உப்புக் காற்றுப் படுகிற இரும்பும் குறைவு. மற்றது, பிடியின் அதே அகலத்துக்கு இரும்பை விட்டு, இரண்டு பக்கமும் மரம் வைத்து ஆணி அடிப்பது. இது அடியைத் தாங்கும், ஆனால் பாரம் கூடும். "முழு வால் இல்லாட்டி அது கத்தியே இல்லை" என்று காணொளிகளில் சொல்லுவார்கள். 1942இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட 'கா-பார்' கத்திக்கு ஒடுங்கிய வால்தான், பிடி தோல் வளையங்களை அடுக்கிச் செய்தது. அது போருக்கே போய் வந்தது. வாலின் அகலத்தைவிட, அது எவ்வளவு ஆழமாகப் போகிறது, அலகோடு சேரும் இடத்தில் சட்டென்று ஒடுங்காமல் வளைந்து ஒடுங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

பிடியின் நுனியில் சின்னக் கொக்கி போலக் குமிழ் இருந்தால், ஓங்கி வெட்டும்போது கத்தி கையை விட்டுப் பறக்காது. அலகுப் பக்கம் தடுப்பு இருந்தால் குத்தும்போது விரல் முன்னால் வழுக்காது. ஆனால் அதே தடுப்பு, விரலை அலகுக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் செய்கிற நுண்ணிய வேலைக்கு இடைஞ்சல். ஒன்றை வாங்கினால் ஒன்றைக் குடுக்கத்தான் வேணும்.

அலகு என்ன செய்கிறது

அலகிலும் அதே கணக்குத்தான். மெல்லிய அலகு சுகமாக அரியும், ஆனால் விறகில் அடித்தால் வாய் மடியும். தடித்த அலகு ஆப்பு மாதிரிப் பிளக்கும், ஆனால் தக்காளியை நசுக்கும். கள் இறக்குபவரின் பாளைக்கத்தி தாள் போலச் சீவ வேண்டும், அதனால் அதன் வாய் அகலமும் மெல்லிசும். கொப்பு வெட்டுகிற கொடுவாக்கத்திக்குப் பாரம் முன்னால் இருக்கும். கை ஓங்கினால் போதும், மிச்சத்தைப் பாரமே செய்யும். தோல் உரிக்க வயிறு போல வளைந்த வாய் நல்லது. தடி சீவ நேர் வாய் நல்லது. எல்லாம் செய்கிற நடுத்தரக் கத்தி வேண்டுமென்றால் ஓர் உள்ளங்கை அகலம், அதாவது ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் அலகு போதும். முதுகு 3, 4 மில்லிமீற்றர்.

தோய்ச்சல் இன்னொரு விசயம். வாய் கடினமாக இருந்தால் கூர் நிற்கும், ஆனால் முழு அலகும் அப்படி இருந்தால் அடியில் வெடிக்கும். அதனால் நல்ல கொல்லர் வாய்க்கு மட்டும் கடினம் குடுத்து, முதுகை மென்மையாக விடுவார். இந்தத் தீவில் அந்த அறிவு மிகப் பழையது. சமனலவெவ மலைச்சரிவில் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய உலைகளைக் கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை அந்த உலைகள் எரிந்திருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாள்களைப் பற்றி எழுதிய அல்-கிந்தி, இந்தத் தீவின் உருக்கைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

யார் கேட்பது?

கண்டி அரச பட்டறைகளில் வெள்ளியும் தந்தமும் இழைத்த 'பிஹா கெட்டா' கத்திகள் செய்யப்பட்டன. பிரபுக்கள் அப்படியான கத்தியை நெஞ்சோடு செருகியிருந்ததை நொக்ஸே பார்த்திருக்கிறார். 1815இல் கண்டி விழுந்தபின் அந்தப் பட்டறைகளுக்கு ஆதரவு போனது. ஷெஃபீல்டில் செய்த கத்திகள் பேரரசு முழுக்கப் பரவின. 1908இல் ஆனந்த குமாரசுவாமி 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலை எழுதியபோது, மிஞ்சியிருந்ததைப் பதிவு செய்யும் அவசரம் அவருக்கு இருந்தது. இன்று மியூசியங்களில் பிஹா கெட்டா இருக்கிறது. ஐயாவின் கறுத்த கத்தி போன்றது அங்கே இல்லை. 2004 கடலும் 2006 இடப்பெயர்வும் பார்த்த கரை இது. அங்கே அப்படியான கத்தி வீட்டுக்கு வீடு சமைத்தது, கூரை கட்டியது, வலை வெட்டியது. அதன் வரலாற்றை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை.

எங்களுக்குக் கவலை, கம்மாலைகள் குறைகின்றன என்பது மட்டும் இல்லை. கேட்கத் தெரிந்தவர்களும் குறைகிறோம். வேடர் இலையைக் கத்தரித்தார். ஊரவர் சம்மட்டி அடித்தார். நாங்கள் படத்தைப் பார்த்து 'வாங்கு' என்பதை அழுத்தினோம். எந்த வேலைக்கு, யாருடைய கைக்கு என்று ஒரு தரம்கூட எங்களை நாங்களே கேட்கவில்லை.

ஐயாவிடம் அவருடைய கத்தி எங்கே வாங்கியது என்று கேட்டோம். "வாங்கிறதா? லொறி வில்லுத் துண்டு குடுத்து அடிப்பிச்சது. பிடி நான் போட்டது, முதிரை" எண்டார். வாங்கிப் பிடித்துப் பார்த்தோம். எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் அது சரியாகப் பொருந்தவில்லை. அவருடைய கைக்கு அளந்த பிடி அது.

போன மாதம் நாங்கள் ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையில் அலகு ஒன்று வரைந்தோம். நாலு தரம் கத்தரித்து, நாலு தரம் திருத்தி, கையில் பிடித்துப் பார்த்து, ஒரு கம்மாலைக்குக் கொண்டுபோனோம். கொல்லர் ஐயா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதால என்ன வெட்டப் போறீங்கள்?"

இந்த முறை எங்களிடம் பதில் இருந்தது.